மாதா நீலத்தில் ஒரு பிளஷர் கார்

சேசு மரி சூசை

குளத்தூர்,
21-6-1958

அன்பு மகன் மதலைமுத்துவுக்கு உன் அம்மா அடைக்கலமேரி உச்சி மோந்து எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி லூர்து, கன்று போட்டிருக்கிற செவலைப் பசு, வாசலில் நிற்கிற பிளஷர் கார் எல்லோரும் சுகம். மலாயாவில், ஈப்போவில் நீயும் குறைவில்லாமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வரவேண்டும். கார் பட்டறைக்கு வெறும் வயிற்றோடு போகாதே, பெயிண்ட் வாடை குடலைப் பிடுங்கும், மோர் கிடைத்தால் வாங்கிக் குடி. எனக்கே இந்தப் பத்து நாளாய்த் தலை கிறுகிறுத்து, காரணம் இல்லாமல் சிரிப்பாய் வருகிறது. அது வாடையினாலா சந்தோஷத்தினாலா என்று தெரியவில்லை.

வக்கீல் ஐயா மதராசில் மகன் வீட்டோடு போய்விட்டதையும், போகும்போது கொல்லையில் இரண்டு வருஷமாய் வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய காரை இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவருக்கே என்று அப்பாவிடம் கொடுத்ததையும் முன்பே எழுதியிருந்தேன். இஞ்சினை அப்பா ஒரு மாசம் கிடந்து சரி பண்ணிவிட்டார். ஆனால் உடம்பு இருக்கிறதே, பார்க்கச் சகிக்காது, மட்கார்டு முழுக்கத் துரு, கூரை பொரிந்து உரிந்து தொங்கியது, பின் சீட்டில் யார் வீட்டுக் கோழியோ அடை கிடந்து குஞ்சே பொரித்திருந்தது. அதை டாக்சியாக ஓட்ட வேண்டுமென்றால் புதுக்கோட்டைக்கு வியாழக்கிழமை வருகிற பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று எழுதவேண்டும். எழுதினால் அப்பா சொந்த வண்டிக்காரர். எழுதாவிட்டால் ஐம்பத்து நாலு வயதில் இன்னொருத்தர் வாசலில் போய், வேலை இருக்குங்களா என்று கேட்டு நிற்கவேண்டும். அவர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு இதையே யோசித்தார்.

நீ எப்படி எப்படிச் செய்யவேண்டும் என்று எழுதியிருந்த கடிதத்தைத்தான் ஞானோபதேசம் மாதிரி லூர்து சத்தம்போட்டு வாசித்தாள், நானும் அப்பாவும் செய்தோம். துருவைச் சுரண்டினோம், நீ அனுப்பின உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தோம், பள்ளத்தையெல்லாம் மக்குப் பசை வைத்து அடைத்தோம், அதையும் தேய்த்தோம். மூன்று பேருக்கும் கண் இமை வரை துருச் சிவப்பு. பிறகு நிறத்துக்குச் சண்டை. அப்பாவுக்குக் கறுப்புதான் வேண்டுமாம், கறுப்புதான் மரியாதையாம். இது ஐயா காரு இல்லைங்க நம்ம காரு, மாதா போர்வை நீலம் அடிங்க என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். திருச்சிக்குப் போனவர் வாயைத் திறக்காமல் இரண்டு டின் நீலத்தோடு வந்து இறங்கினார். மனுஷர் அப்படித்தான், உனக்குத் தெரியாததா.

இந்த மாசம் இங்கே காற்று பேய் மாதிரி அடிக்கிறது, செம்மண் புழுதி. ஈரப் பெயிண்டில் தூசி விழக்கூடாது என்று நீ எழுதியிருந்தாயே, அதற்காக அப்பா வாசலில் காரைச் சுற்றிப் பச்சைத் தென்னங்கீற்றால் ஒரு குடிசை கட்டினார். அங்கேதான் வந்தது வினை. பதிமூன்று வயதுப் பெண் இருக்கிற வீட்டு வாசலில் பச்சை ஓலைக் குடிசை எழும்பினால் ஊர் என்ன நினைக்கும்? எதிர்வீட்டுக்காரி சின்னப்பிள்ளை உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து, ஏ அடைக்கலம், லூர்து சமைஞ்சதைச் சொல்லவே இல்லையே என்று கோபித்தாள். சேதி எப்படிப் போய் எட்டியதோ, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கந்தர்வக்கோட்டையிலிருந்து உன் மாமன் சவரிமுத்து, தட்டு நிறைய மஞ்சள், பூ, பழம், பட்டுப்பாவாடை என்று தாய்மாமன் சீரோடு வந்து இறங்கிவிட்டான். எனக்குச் சொல்லாம ஓலை கட்டிட்டீகளாக்கும் என்று கண்ணில் தண்ணீர் வேறு. லூர்து வெட்கத்தில் மாட்டுக் கொட்டகைக்குள் ஓடிவிட்டாள். கீற்றை விலக்கிக் காரைக் காட்டினேன். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு கொண்டுவந்த பூவைக் கார் கண்ணாடியில் சுற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குடுங்க அத்தான் பிரஷை என்றான். களியை எல்லோருமாய்த் தின்று தீர்த்தோம்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், திட்டாதே. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டாம் பூச்சும் முடிந்தது. அடடா, அப்படியொரு நீலம்! அப்பாவும் மாமனும் கிணற்றடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் சாகக்கிடக்கிற யாருக்கோ அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்புகிறார். தோத்திரம் சாமி, வண்டிய மந்திரிச்சுட்டுப் போங்க, நாளான்னைக்குப் பரீட்சை என்று மறித்தேன். அவர் நல்லபடியாகத்தான் கேட்டார், பெயிண்ட் காஞ்சிருச்சாம்மா என்று. காஞ்சிருச்சு சாமி என்று கூசாமல் சொல்லிவிட்டேன். அவரும் தாராளக் கை, கூரை, பானட், கதவு என்று ஒன்று விடாமல் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார். விழுந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாய்க் குழிந்து வெளுத்துவிட்டது. அப்பா வந்து பார்த்தார். ஏசியிருந்தால் தேவலை. ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்து, போச்சு புள்ள என்று மட்டும் சொன்னார். சிரிப்பெல்லாம் எங்கே போனதோ, அடுப்படியில் போய் அழுதேன். சாமியாரிடம் சொன்ன பொய்யை அந்தச் சாமியாரிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும், அதை நினைத்தால் இன்னும் கூச்சமாய் இருக்கிறது.

புதன்கிழமை காய்ந்ததும் நானே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன், மிச்சப் பெயிண்ட் பானட்டுக்கு மட்டும்தான் வந்தது. கூரையும் இடதுபக்கக் கதவும் அப்படியே நின்றுவிட்டன. நீ ஏறினா எதையாவது தொட்டு வைப்ப என்று என்னையும் லூர்துவையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு அப்பா மட்டும் வியாழக்கிழமை காரை ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் இன்ஸ்பெக்டர் வண்டி பார்க்கிற மைதானத்து ஓரத்தில் நின்று ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையை இரண்டு தரம் உருட்டினோம். இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து கதவில் விரலை வைத்து, என்னய்யா, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா என்றார். வக்கீல் ஐயாவிடம் சரிங்க என்பதைத் தவிர வேறொன்றும் பேசி அறியாத உன் அப்பா, அம்மை இல்லிங்க, தீர்த்தமுங்க, வீட்டுல அவசரப்பட்டுட்டாக என்று நடந்ததை முழுக்கச் சொன்னார். அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, தீர்த்தத்தை நம்பிப் பிரேக்கை விட்டுறலியே என்று கேட்டுத் தானும் ஏறி, குளத்துக்கரைச் சரிவில் வேகமாய் விடச்சொல்லி, நிறுத்து என்றார். அறைந்தது போல் நின்றது வண்டி. தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு இறங்கி, காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்!

அப்பா காரை எங்கள் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வக்கீல் வீட்டம்மாவுக்கு நிற்பாரே அப்படி நேராய் நின்று, பின் கதவைத் திறந்து, ஏறுங்கம்மா என்றார். இருபத்திரண்டு வருஷம் இந்தக் காரை அவர் துடைத்திருக்கிறார், நான் ஒருநாள் இதில் கால் வைத்ததில்லை. லூர்து பிறக்கிற அன்றைக்கு நான் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், இது கோர்ட்டு வாசலில் நிற்கிறது. அவரும் கேட்டதில்லை, நானும் கேட்கச் சொன்னதில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்குப் பொங்கிவிட்டது. லூர்துவைப் பின்னால் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிப் போய் முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குளத்தூர் வரும்வரை அவரை ஹாரன் அடிக்க விடவில்லை, நான்தான் அடித்தேன்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக. ஞாயிறு பூசையை விடாதே, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அடுத்த வருஷம் லீவு கிடைத்து நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கினால் ரயிலுக்கு ஓடாதே, நீலக் காரைத் தேடு, அப்பாவும் நானும் வந்து நிற்போம். ஆனால் இப்போதே சொல்லிவிட்டேன், எத்தனை வருஷம் கழித்து வருகிற பிள்ளையானாலும் நீ பின்னால்தான் உட்காரவேண்டும்.

இப்படிக்கு உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
அ. அடைக்கலமேரி