அஃப்தாபின் வாய்த்துடுக்கு

14 ஜூலை 2008
பேசும் கம்ப்யூட்டர் எங்கள் சிறப்புப் பள்ளிக்கு வந்துவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கொடுத்தது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மினுங்கும். வேண்டியது வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். ஓரெழுத்து கிடைத்தாலே மீதியை அதுவே ஊகித்து நீட்டும். பழகப் பழக நம் சொற்களைக் கற்றுக்கொள்ளும். பிறகு தகரக் குரலில் வாசிக்கும்.

முதலில் அஃப்தாப். பதின்மூன்று வயது, மூளை வாதம். கை நடுங்கும், பேச்சு வராது. பொத்தானைக் கன்னத்தருகே பொருத்தினேன். பகல் முழுக்கப் பாடுபட்டு அவன் பேசிய முதல் வாக்கியம்:

"டீச்சர் குண்டு."

22 ஜூலை
நான் கம்ப்யூட்டருக்கு 'வணக்கம்' கற்றுத்தருகிறேன். அவன் 'பேஜாரு' கற்றுத்தருகிறான். அவன்தான் நல்ல ஆசிரியர்.

5 ஆகஸ்ட்
கம்பெனி அதிகாரி பாக்கியநாதன் வந்தார். அஃப்தாப் சமர்த்தாக 'நன்றி ஐயா' என்றான். அவரோ, "வார்த்தைய மிஷினே குடுக்குது மேடம். பையன் சும்மா தட்டிக்கினு இருக்கான்" என்றார். இன்னொரு முறை பார்ப்பாராம். திருப்தியில்லையென்றால் கம்ப்யூட்டர் வேறிடம் போய்விடும்.

இதையெல்லாம் அவன் எதிரிலேயே சொன்னார். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும்!

அந்த 'நன்றி' யாருடையது? அவனுடையதா, அதனுடையதா? எனக்கே சந்தேகமா? இல்லை. கொஞ்சம்.

12 ஆகஸ்ட்
நாளை பாக்கியநாதன் மறுபடி வருகிறார். தலைமையாசிரியை ஜானகியம்மாள் உத்தரவு: "தஸ்லீம், அவன் ஏத்தி வச்ச கண்ட வார்த்தையெல்லாம் அழிச்சிடு." அழித்தேன். பாவி நான்.

13 ஆகஸ்ட்
பாக்கியநாதன் குனிந்து, கைக்குழந்தையிடம் பேசுவதுபோல், "தம்பிக்கு மிஷின் புடிச்சிருக்கா?" என்றார்.

அஃப்தாப் 'நா'வை அழுத்தினான். 'நாங்கள் மகிழ்கிறோம்' என்று நீட்டியது திரை. வேண்டாமென்று தள்ளினான். 'நாளை வருக' என்றது. அதையும் தள்ளினான். "அட, ஒரு நன்றி சொல்லேண்டா" என்று ஜானகியம்மாள் கெஞ்சினார். அவன் கழுத்தெல்லாம் வியர்வை. எழுத்தெழுத்தாகக் கோத்துக்கொண்டே போனான். கடைசியில் தகரக் குரல் சொன்னது:

"நான் தட்டிக்கினு இருக்கேன். நீங்க சும்மா இருங்க."

ஐயோ! ஜானகியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். பாக்கியநாதன் முகம் சிவந்து நிமிர்ந்தார்.

"இத யாரும் சொல்லித் தரல இல்ல?"

"சத்தியமா இல்ல சார்" என்றேன்.

சிறுவர் பெஞ்சில் அவனுக்கு நேராக உட்கார்ந்தார். "சாரி தம்பி. இப்ப சொல்லு, நான் கேக்குறேன்."

18 ஆகஸ்ட்
கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கலாமாம். 'மன்னிக்கவும்' கற்றுக்கொடு என்கிறார் ஜானகியம்மாள். அவன் தள்ளிவிட்டான்.

9 ஜனவரி 2009
அஃப்தாபின் வாப்பா வீட்டுக்கே இதேபோல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். இன்று அவன் உம்மா ஹாஜிரா பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், புகார் சொல்ல.

"இன்னா டீச்சர் பண்றது? மீன் கொழம்புல உப்பு இல்லன்றான். அவங்க வாப்பா கொறட்டை உடுறாருன்றான். ஊட்டுக்கு வந்தவங்கள 'எப்ப கெளம்புவீங்க'ன்னு கேட்டு மானத்த வாங்கிட்டான். இவன் வாய மூட ஒரு வழி சொல்லுங்க!"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் எங்கே காதில் வாங்கினார்? முகமெல்லாம் சிரிப்பாக மகனின் அடுத்த அட்டூழியத்துக்குப் போய்விட்டார்.