சூசை கொண்டுபோன அடி

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். போன துறைமுகத்திலிருந்து நீங்கள் அனுப்பிய சேலை கிடைத்தது, நிறம் நன்றாக இருக்கிறது.

சிம்மக்கல்லில் அண்ணன் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் கூடிக் கப்பல்பாட்டு பாடுவதை முன்பே எழுதியிருந்தேன். போன வாரம் தூத்துக்குடியிலிருந்து சூசை என்று ஒருவர் வந்திருந்தார். கப்பலில் வேலை, லீவில் வந்தவராம். நான் யார் மனைவி என்று அவருக்குத் தெரியாது.

"எங்க கப்பல்ல ஒருத்தன் தன் பொண்டாட்டிய வச்சுக் கட்டுனது. கயிறு இழுக்கையில இதத்தான் பாடுவோம்" என்று சொல்லிவிட்டுப் பாடினார்.

தொடையில தழும்பு தோசைக்கல் அகலம், ஏலேலோ
தொட்டா மாப்ள கையெல்லாம் வேகும், ஐலசா

நான் காப்பித் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். சிறு வயதில் உலைநீர் கொட்டிய அந்த இடத்தை என் அம்மாவுக்குப் பிறகு பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். விஷயம் தெரியாத அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார். "இன்னொரு தடவ பாடுங்கண்ணே" என்று கேட்டு, கூடவே பாடினார்.

சூசை படியிறங்கும்போது தனியாக நிறுத்தினேன். "அந்தப் பாட்டுல இன்னும் ஒரு அடி இருக்குண்ணே" என்று ஒரு தாளைக் கொடுத்தேன். கல்யாணமாகி மூன்று மாதம் நீங்கள் என்னைத் தொடப் பயந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுததை அதில் ராகம் பிசகாமல் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கப்பலேறுன மொத நாளே பாடிருறேன் தங்கச்சி."

புதன்கிழமை கப்பலேறப் போய்விட்டார். இந்தக் கடிதம் வர ஒரு மாதமாகும். பாட்டு அதற்கு முன்பே வந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி