ஒரே ஒரு தடவை ஓடிய ஃபங்ஷன்

3.7.2006, திங்கள், பெரம்பலூர்

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் லாரி எடைமேடைக்கு நாங்கள் செய்யும் எடைக் கணினிப் பெட்டி ஆமையாக ஓடுகிறது. ஓனர் வேணுகோபால் சார், பெட்டியின் அடிப்படை மென்பொருளான கர்னலை என் தலையில் கட்டிவிட்டார். லிங்கர் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். கர்னலின் எந்தத் துண்டு நினைவகத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. அடிக்கடி ஓடுவதெல்லாம் பக்கத்தில் பக்கத்தில், எப்போதோ ஓடுவது கடைசியில். இப்போது எல்லாம் கலந்து கிடக்கிறது, எங்கள் வீட்டுத் துணி பீரோ மாதிரி.

எதிர் மேஜையில் அறிவரசன். இரண்டு வருஷமாக எதிர் மேஜைதான். இன்றைக்கும் வேலையைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. என்ன மனுஷனோ!

11.7.2006

மூன்று நாள் பெட்டியை ஓடவிட்டு, எது எத்தனை தடவை ஓடியது என்று எண்ணினேன். எடை வாசிப்பது லட்சக்கணக்கில். அறிவரசன் எழுதியது ஒன்று — கரண்ட் போகும்போது அதுவரை போட்ட எடைகளைச் சேமிக்கும் ஃபங்ஷன், அதாவது நிரல் துண்டு — பெட்டி கிளம்பும்போது சோதனைக்காக ஒரு தடவை ஓடியது. அதோடு சரி. கிளம்பும்போது மட்டும் தேவைப்படுபவற்றுக்குத் தனிப் பகுதி உண்டு. கிளம்பி முடிந்ததும் கர்னல் அதை அழித்துவிடும். அதையும் அங்கே தள்ளினேன்.

பெட்டி பறக்கிறது! சார் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

16.7.2006, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் துறையூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அப்பா விடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறிவரசன் ஒரு தடவை கேட்டார்: "வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போறேங்க. நீங்களும் வரீங்களா?" வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். பயம். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது?

சரி என்று சொல்லிவிட்டேன். சாயங்காலமே வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

20.7.2006, அரியலூர்

பெட்டியை மாட்டிய முதல் நாள். பத்தரைக்குக் கரண்ட் போனது. காலையிலிருந்து போட்ட எடை ஒன்றுகூட மிஞ்சவில்லை. லாரி வரிசை மெயின் ரோடு வரை நின்றது.

அய்யோ, சேமிக்கிற ஃபங்ஷனை அழியற பகுதில தள்ளினது நான்தான். எங்க ஆபீஸ்ல யுபிஎஸ் இருக்கு, பெட்டிக்குக் கரண்ட் போறதே தெரியாது. அங்க எண்ணிட்டு, எல்லா இடமும் அப்படித்தான்னு நெனச்சுட்டேனே! இங்க ஒரு நாளைக்கு நாலு தடவ போகும். இது தெரியாதா எனக்கு?

சுரங்க மேனேஜர் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அறிவரசன் முன்னால் வந்தார். "அது நான் எழுதுனது சார். என் தப்புதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "இப்பதான் பூ வெச்சுருக்காங்க. இந்த நேரத்துல நீங்க பேச்சு வாங்க வேணாங்க."

நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்டு விசாரித்திருக்கிறார். அப்படியென்றால் — இரண்டு வருஷமும்?

21.7.2006

சாரிடம் உண்மையைச் சொன்னேன். உடனே அறிவரசனுக்குப் போன் போட்டார். "வரமாட்டேங்குறான்மா. காலைலயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டான். பெங்களூர் போறானாம்."

எதிர் மேஜை துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

22.7.2006

அழுகைதான்.

10.8.2006, அரியலூர்

அவர் ஃபங்ஷனை அழிக்கும் பகுதியிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போதும் கடைசியில்தான் இருக்கிறது, ஆனால் அழியாது. லிங்கர் ஸ்கிரிப்டில் ஒரு வரி மாற்றம், அவ்வளவுதான். பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது. வந்தபோது எல்லா எடையும் அப்படியே இருந்தது. அங்கே யாரும் கவனிக்கக்கூட இல்லை.

25.8.2006, வெள்ளி

அம்மன் காலடியில் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சிறுவாச்சூர் போனோம். வீட்டில் தலைக்குமேல் வேலை கிடந்தது. இருந்தும் போக முடிந்தது. அன்றைக்கும் முடிந்திருக்கும்.