வழக்கு முடியும்வரை

மார்ச் 4, செவ்வாய்

புதிய கணினி மேசைக்கு வந்துவிட்டது. பழையது பதினொரு ஆண்டுகள் உழைத்தது. இப்போது அது ஒரு கடிதத்தைத் திறப்பதற்குள் முகம் கழுவிக்கொண்டு வந்துவிடலாம். கணினி பழுதுபார்க்கும் அம்மாள் நாளை மறுநாள் வருகிறார். அதற்குள் என் மின்னஞ்சல் மென்பொருளில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கோப்புறையின் பெயரையும், அதிலுள்ள கடிதங்களின் எண்ணிக்கையையும் தாளில் எழுதிவிட்டேன். மொத்தம் நாற்பத்தொன்று. வக்கீல் தொழிலில் கட்சிக்காரரின் ஆவணங்களை ஒப்படைக்கும்போது பட்டியலிட்டுக் கையொப்பம் பெறுவதில்லையா, அதைப் போலத்தான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பொண்ணைக் கட்டிக் குடுத்தப்போகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலையே!"

மார்ச் 6, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

அம்மாள் காலை பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வேலையில் விரைவு, பேச்சில் அதைவிட விரைவு. "லெட்டரை மட்டும் தூக்கிட்டுப் போனா போதாது சார். அட்ரஸ், செட்டிங்ஸ், நீங்க போட்டு வச்ச ரூல்ஸ் எல்லாம் கூடவே போகணும். இல்லேன்னா புது வீட்டுல நின்னுக்கிட்டு உப்பு டப்பா எங்கேன்னு தேடற கதைதான்."

பழைய கணினியில் மென்பொருளை மூடி, அதன் தரவு முழுவதையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்து, புதியதில் இறக்கினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் பட்டியலோடு அமர்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் இம்மியும் பிசகவில்லை. ஆனால் நாற்பத்திரண்டாவதாக ஒன்று இருந்தது. பழைய கணினியில் 'பழையவை' என்ற தலைப்பின்கீழ் மடங்கிக் கிடந்தது போலும்; புதியது அனைத்தையும் விரித்துக் காட்டிவிட்டது. 'வழக்கு முடியும்வரை' என்று பெயர். இருபத்து மூன்று கடிதங்கள்.

"இது உங்க லிஸ்ட்ல இல்லையே சார்?" என்று கேட்டுவிட்டு அவரே தேடிப் பார்த்தார். "ஓ, இதுக்குன்னு ஒரு ரூல் இருக்கு. இந்த அட்ரஸ்லேர்ந்து எது வந்தாலும் நேரா இதுக்குள்ள போயிடும், படிச்சாச்சுன்னும் குறிச்சிடும். அதான் உங்க கண்ணுல படலை. யாரோ போட்டு வச்சிருக்காங்க."

யாரோ இல்லை. நான்.

முகவரி அண்ணனுடையது. அண்ணன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

"இந்த ரூல் புதுசுலயும் இருக்கட்டுமா சார்?"

கையிலிருந்த பட்டியலை மடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "அவசரமில்லை, அப்புறம் சொல்லுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

மனம் கலங்கும்போது நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், அப்பா விட்டுச்சென்ற வீட்டைப் பிரிப்பது குறித்து அண்ணனுக்கும் எனக்கும் வழக்கு நடந்தது. வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்போடு நேரடியாகப் பேசாதீர்கள், எழுதாதீர்கள், வந்த கடிதத்தைப் படிக்கவும் வேண்டாம் என்று வரும் கட்சிக்காரர் அனைவருக்கும் சொல்பவன் நான். அதை எனக்கும் விதித்துக்கொண்டேன். அண்ணனுக்குக் காது அறவே கேட்காது. தொலைபேசி அவருக்குப் பயன்படாத பொருள். அவர் என்னை எட்டக்கூடிய ஒரே வழி மின்னஞ்சல். அந்த வழியில்தான் இந்த 'ரூலை', இந்த விதியைப் போட்டேன்.

பத்து மாதத்தில் வழக்கு சமாதானமாக முடிந்தது. இருவரும் கையொப்பமிட்டோம். தீர்ப்பு நகல் வாங்கவேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்தேன். விதியை நீக்கவேண்டும் என்று எங்கும் குறிக்கவில்லை.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தேன். மூத்தவர் அவர், முதலில் அவர் எழுதட்டும் என்று. எழுதவில்லை என்று முடிவுகட்டினேன். அவர் இறந்த செய்தி கேட்டு, கடைசியாக முகம் பார்க்கப் போன அன்று, என்னைக் கண்டதும் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் என் மனக்குறைகளின் கணக்கில்தான் சேர்த்தேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், 'ஒரு வரிகூடப் போடலை பாருங்க' என்று.

மார்ச் 8, சனி

திறக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இருபத்து மூன்றையும் தேதி வரிசைப்படி படித்தேன்.

முதல் மூன்று, வழக்கு நடந்தபோது வந்தவை. அவற்றில் வழக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கோர்ட்டில் என்னைப் பார்த்தபோது நான் நொண்டி நடந்ததாகவும், முழங்காலை டாக்டரிடம் காட்டும்படியும் எழுதியிருக்கிறார். எதிர்த்தரப்பிலிருந்து வந்த, எனக்குப் பாதகமான சாட்சியம் இவ்வளவுதான்.

பிறகு வந்தவை மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒன்று. பேசுவதைப் போலவே எழுதுவார். "என்னடா வக்கீலே, பதில் போடறதுக்கும் வாய்தா வாங்கறியா?" என்று ஒன்று. தான் வாங்கிய புது மூக்குக்கண்ணாடியைப் பற்றி ஒரு முழுப் பக்கம். "உன் அண்ணி உன்னைத் திட்டறா. நான் உன் பக்கம்தான். ஆனா எனக்குத்தான் காது கேக்காதே, அவ திட்டினா எனக்கென்ன?" என்று இன்னொன்று. சிரித்துவிட்டேன். சிரித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

கடைசிக் கடிதம், அவர் இறப்பதற்குப் பதினொரு நாள் முன்பு. "பத்தாம் தேதி ஆபரேஷன். நீ வந்தா தைரியமா இருக்கும். வரலைன்னா கோபம் இல்லை. உனக்கு என்ன கஷ்டமோ."

உனக்கு என்ன கஷ்டமோ.

ஐயோ அண்ணா. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அன்னிக்கு நான் இங்கேதான் இருந்தேன் — இதே நாற்காலியிலே, சும்மாத்தான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இது எனக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அண்ணியிடம் சொல்லியே ஆகவேண்டுமா? வெளிப்படுத்தும் கடமை சட்டப்படி எனக்கில்லை. இரண்டு ஆண்டுகளில் சற்றே ஆறியிருக்கக்கூடிய புண்ணைக் கிளறும் உரிமை எனக்கு உண்டா? இவ்வாறு இரு தரப்பு வாதங்களையும் மனைவியிடம் எடுத்துரைத்தேன்.

"ஏங்க, நீங்க பேசறதை நீங்களே கொஞ்சம் கேட்டுப் பாருங்க," என்றாள். "உங்களுக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதானே?"

குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

அண்ணிக்குக் கடிதம் வரைந்தேன். மூன்று வரைவுகள். இறுதி வரைவு ஏழு பத்திகள், எண்ணிட்டவை. மனைவி படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன இது, அண்ணிக்கு நோட்டீஸ் அனுப்பறீங்களா? நேர்ல போய்ச் சொல்லுங்க."

மார்ச் 16, ஞாயிறு

போனேன். தனியாக.

அண்ணி கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். விதியைப் போட்டது, மறந்தது, புதிய கணினி, இருபத்து மூன்று கடிதங்கள். அவற்றை அச்சிட்டு ஓர் உறையில் கொண்டுபோயிருந்தேன்.

அண்ணி என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"நீங்க படிச்சுட்டுத்தான் பதில் போடலைன்னு இவ்வளவு நாளா நினைச்சிட்டிருந்தேன். சரி, கோபத்துல இருக்கார், ஆனா அண்ணன் எழுதினதை எடுத்துப் படிக்கவாவது படிக்கறார்னு ஒரு சமாதானம். இப்ப அதுவும் இல்லைங்கறீங்க."

அறியாமல் செய்த பிழைக்குச் சட்டத்தில் சலுகை உண்டு. நான் அறியவில்லை என்பதைத்தான் என் தரப்பின் ஒரே நியாயமாக அவ்வளவு தூரம் சுமந்துபோனேன். அந்தக் கூடத்தில் அதுவே குற்றத்தைப் பெரிதாக்கியது.

"தினமும் சாயங்காலம் திறந்து பார்ப்பார். தம்பி பதில் போட்டிருக்கானான்னு நான் ஜாடையில கேப்பேன். இல்லைன்னு தலையாட்டுவார். நாளைக்குப் போடுவான்னு அவரே சொல்லிக்குவார்."

உறையை நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்களுக்கு எழுதினது. நீங்களே வச்சுக்கங்க."

மார்ச் 17, திங்கள்

அம்மாளை அழைத்து, விதி வேண்டாம் என்றேன். "அன்னிக்குக் கிளம்பும்போதே எடுத்துட்டேன் சார்," என்றார்.

ஏப்ரல் 5, சனி

அண்ணியிடமிருந்து ஒன்றும் இல்லை. இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் எதிர்பார்க்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று அண்ணி என் மனைவியைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். கண்ணில் புரை எடுக்கவேண்டுமாம். கூட ஓர் ஆள் இல்லாமல் மருத்துவமனையில் சேர்க்கமாட்டார்களாம். "அவரை வரச் சொல்லு," என்றாராம்.

இன்று காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். வண்டியில் அண்ணி சாலையைப் பார்த்தபடியே வந்தார். சில கேள்விகளுக்கு மட்டும் 'ம்' என்றார். கடிதங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

மருத்துவமனையில் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். பெயர், வயது, முகவரி, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் பூர்த்தி செய்தேன். 'உடன் வந்தவர் — நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினேன். அதை நானாக எழுதுவது முறையாகத் தோன்றவில்லை. காலியாக விட்டே கொடுத்தேன்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் அதை என்னிடமே திருப்பித் தள்ளி, "இது விட்டுப்போச்சே சார். அம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள்.

நான் அண்ணியைப் பார்த்தேன். சொட்டு மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கொழுந்தன்," என்றார், கண்ணைத் திறக்காமலே. "எழுதுங்க."

எழுதினேன்.