இருபத்து நாலரை இஞ்சு

இராஜபாளையம்,
18.11.2025

அன்புள்ள மகன் வினோத்துக்கு அம்மா ஜெயபாய் எழுதிக்கொள்வது. நீயும் ஷெரினும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். இங்கே யாவரும் நலம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அந்த வரியை எழுத மனசு வரவில்லை. போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரு போன், அப்பா நாள் முழுக்க அதன் பக்கத்தில்தான் கட்டிலில் கிடக்கிறார், நான் சொல்ல வந்தது அவர் காதில் விழக்கூடாது. அதனால் சத்திரப்பட்டியில் நாங்கள் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி மடிக்கிற ஷெட்டிலேயே, மத்தியானச் சோத்து நேரத்தில், மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

அப்பா விழுந்து இன்றைக்கு நாற்பத்தொரு நாள். நீ அரைகுறையாகத்தான் கேட்டாய், முழுசாகச் சொல்கிறேன். வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய்வந்த ரோடு, டேங்க் மேல் கேஸ் கட்டுப் பையை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேல் முறுக்காத மனுஷன். மடவார்வளாகம் பக்கம் ரோட்டு வேலைக்குக் கொட்டின ஜல்லி சிதறிக் கிடந்திருக்கிறது, முன்னால் போன வேன் சடக்கென்று நின்றிருக்கிறது, இவர் பிரேக்கைப் பிடித்தார், ஸ்பிளெண்டர் சறுக்கிவிட்டது. தலையில் இருந்தது, போலீஸ் கெடுபிடி செய்த வாரத்தில் கோர்ட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் வாங்கின ஹெல்மெட் என்கிற பிளாஸ்டிக் சட்டி. நாடிக்குக் கீழே மாட்டுகிற பூட்டு உடைந்து ஒரு வருஷம், வாரை முடிச்சுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அது கழன்று தனியாக உருண்டு போய்விட்டது, தலை கருங்கல்லில் இடித்தது. மதுரையில் எட்டு நாள். இடது காது போய்விட்டது, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்த சபைக்காரர்கள் எல்லாம் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, ஸ்தோத்திரம் என்றார்கள். எங்கே போச்சு, தலையிலேயேதான் நிற்கிறது.

நீ லீவு கிடைக்காது என்றாய், சரி என்றேன். நாலு வருஷமாக வராதவன் இதற்கு வந்துவிடுவான் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குக் கூட்டிவந்த நாலாம் நாள் போன் போட்டாயே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவருக்குக் காது கேட்காதே என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், சபைக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'அம்புட்டு தூரத்துல இருந்து ஒசத்தியான ஹெல்மெட்டா அனுப்பினேன், அதைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டு சட்டியக் கவுத்துக்கிட்டுப் போயிருக்கீங்க, இந்தப் பட்டிக்காட்டுப் புத்தி ஒங்களுக்கு எப்பத்தான் போகும்' என்று கேட்டாய். நாக்குக்கு நரம்பில்லை என்பது சரிதான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் போனை என் கையில் கொடுத்துவிடுகிறார். நீயும் அப்பாவுக்கு என்ன இம்புட்டு வீம்பு என்கிறாய்.

உன்னை மட்டும் சொல்வானேன், நானும் அவரை அப்படித்தான் பேசினேன். போன கிறிஸ்மஸுக்கு ஷெரினுடைய சிநேகிதி கையில் அந்த ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டாய். கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று. ரெண்டு நாள் கழித்து அப்பா அதைப் பையில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். 'வினோத்து வரும்போது மதுரைக்குக் கூட்டப் போவம்லா, அன்னைக்குப் போட்டுக்கிடுதேன், அதுவரைக்கும் புதுசாவே இருக்கட்டும்' என்றார். நானும் நம்பினேன். நம் வீட்டில் நல்லதை உடனே எடுத்துப் புழங்கின வழக்கம் என்றைக்கு இருந்தது, நீ முதல் சம்பளத்தில் எடுத்துத் தந்த சேலையை நான் மூன்று வருஷம் கழித்துத்தானே உடுத்தினேன். அதனால் ஆஸ்பத்திரியிலேயே அவர் தலைமாட்டில் நின்று, ஒம்ம கஞ்சத்தனம்தான் ஒம்ம காதத் தின்னுச்சு என்று சொன்னேன். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியைத் தள்ளிவிடு என்று நீ சொன்னதால் போன வாரம் புரோக்கர் காளிராஜை வரச்சொன்னேன். அவன் டயரை ஒரு மிதி மிதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பைக்குகளுக்கு வரியைக் குறைத்தாலும் குறைத்தார்கள், தீபாவளிக்கு ஷோரூம் வாசலில் திருவிழாக் கூட்டமாம், புதுசே விலை இறங்கினபோது பழசை எவன் வாங்குதான் என்கிறான். நம் தெருவிலேயே ஆறு புது வண்டி வந்துவிட்டது, எல்லாம் எருமை மாதிரி பெரிசு, தெருவே அதிர்கிறது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு, கூடக் கொடுக்கிற ஹெல்மெட் மட்டும் கண்ணாடியில்தான் தொங்குகிறது. தலைக்கு மாட்ட ஒருவனும் இல்லை. நான் அப்பாவை எதற்குக் குறை சொன்னேன் என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

காளிராஜ் போன பிறகு, வளைந்த ஹேண்டிலையாவது நிமிர்த்தினால் நாலு பேர் கேட்பார்களே என்று தென்காசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற சேக் முகைதீன் பாயிடம் போனேன். பேச்சுவாக்கில் ஹெல்மெட்டைச் சொல்லிப் புலம்பினேன். மனுஷன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். 'யக்கா, அண்ணன் அதை வந்த மறுநாளே ஏங்கிட்டக் கொண்டாந்தாரு. தலைக்குள்ள எறங்கவே மாட்டேங்கு, காது மடங்கி வலிக்கி, உள்ள இருக்க மெத்தையக் கொஞ்சம் சீவித் தாங்கன்னாரு. மெத்தையச் சீவிட்டா அது வெறும் கொடம்தாண்ணே, மகன்ட்ட சொன்னா மாத்தி அனுப்ப மாட்டாரான்னேன். வேண்டாம் பாய், பய ஆசையா வாங்கியிருக்கான், அளவு தப்புன்னு சொன்னா மூஞ்சி சுண்டிப்போவும், அவனுக்குத் தெரியவே வேண்டாம்னுட்டாரு' என்றார். நான் அங்கேயே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

என் அளவுதான், அப்பாவுக்கும் சரியா இருக்கும் என்று நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. ஒரு போன் போட்டு, அப்பா ஒங்க தலை எம்புட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன ராசா குறைந்துபோயிருக்கும்? நீ காலேஜில் சேரும்போது உன் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மதுரையில் கடை கடையாக ஏறி உனக்கு ஷூ வாங்கி வந்தவர் அவர். ஹெல்மெட் போட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாயே, அது உன் போனில் இருக்கும், எடுத்துப் பார். உச்சியில் ஒப்புக்கு வைத்துக்கொண்டு, வெரசா எடு வெரசா எடு என்று என்னை அவசரப்படுத்தினார். இன்னும் கீழ இழுங்க, பாதித் தலையிலதான் நிக்கி என்று நான்கூடச் சொன்னேன். நீ சூப்பர்ப்பா என்று இதயம் போட்டு அனுப்பினாய். கண் நம் இரண்டு பேருக்கும்தான் இருந்தது.

வண்டியை நான் விற்கவில்லை. தினமும் காலையில் கோர்ட்டுக்குக் கிளம்புகிற நேரத்துக்கு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், ஸ்டாண்டில் நிற்கிற வண்டியைத் துடைத்து ஸ்டார்ட் பண்ணி, செத்த நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார். அதையும் பிடுங்க எனக்கு மனசில்லை. உன் ஹெல்மெட்டை நான்தான் போட்டுக்கொள்கிறேன், ஷெட்டில் கூட வேலை பார்க்கிற பாண்டிசெல்வி ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வரும்போது. எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. முதல் நாள் வாசலில் மாட்டும்போது அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பொறவு, 'ஒனக்கு நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கோ' என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போன் போடு. நான் அவருடைய வலது காதில் வைத்துவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று ஹெல்மெட் பேச்சை எடுத்துவிடாதே, நான் சொன்னேன் என்றும் காட்டிக்கொள்ளாதே, அவர் இத்தனை நாள் மூடிவைத்தது பாழாகிவிடும். கோர்ட்டுல இருந்து யாரும் பாக்க வந்தாங்களாப்பா, வண்டி ஸ்டார்ட் ஆகுதா என்று எதையாவது கேள். அவர் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே. ஷெரினைக் கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளையாவது உங்களைக் கேட்டுச் செய்கிற பிள்ளையாக இருக்க ஆசீர்வதிப்பாராக.

இன்னொன்று. நேற்று அவர் அசந்து தூங்கும்போது ஷெட்டில் இருந்து கொண்டுபோன டேப்பால், தையல் போட்ட இடத்தில் படாமல், தலையை அளந்து பார்த்தேன். இருபத்து நாலரை இஞ்சு. இனி ஹெல்மெட் எதுவும் அனுப்பாதே, அவருக்கு அது தேவைப்படாது. சும்மா எழுதி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயபாய்