இரண்டு பிரேக் வைத்த கார்

அன்புள்ள பிரேக்குக்கு,

உன் சுருட்டை எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் நலம். உன் மகளும் நலம். அவள் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த இரண்டு வானரங்களும் நலமோ நலம், என் சமையலறையைப் பார்த்தாலே தெரியும். நீ நலமா என்று கேட்கமாட்டேன். நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

மகள் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அங்கேயே கிடக்கட்டும், இனி அவளோடு எனக்குப் பேச்சில்லை என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. சரி, காதைத்தானே மூடிக்கொள்வான், கண்ணை மூட மாட்டானே என்று எழுத உட்கார்ந்தேன். இதைக் கொண்டுவருகிறவன் நம்ம நெட்டை. உன் ஊருக்குத்தான் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிறான். நீ படித்து முடிக்கிற வரை வாசலை விட்டு நகரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் வந்து நின்றால் உன் வீட்டுக்குள் வெளிச்சமே வராது. சீக்கிரம் படி.

உன்னைக் கேட்காமல் உன் காரை எடுத்தது தப்புதான். அதற்கு நானே வயிறு நிறையத் திட்டிவிட்டேன், உனக்கு மிச்சம் வைக்கவில்லை. கூட வந்த பையன் சாலை வளைந்தாலே வாந்தி எடுக்கிற ரகம். கூட வந்த இன்னொரு பெண்ணோ, வழி சொல்கிறேன் பேர்வழி என்று எல்லோரையும் ஒரு கல்குவாரிக்குள் கொண்டுபோய் நிறுத்தியவள். வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத மூன்று பேர் ஒன்று சேர்ந்தால் வேறென்ன ஆகும், நமக்குத் தெரியாததா? கடைசியில் டீசல் வண்டிக்குப் பெட்ரோலை ஊற்றி, என் தெருமுனையில் கார் இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அவள் அம்மா மட்டும் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவளே டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருப்பாள்.

எங்கே போய்விட்டு வந்தார்கள் தெரியுமா? உன் மாமனாரின் பழைய சைக்கிள் கடையைத் தேடிக்கொண்டு, அங்கே அம்மாவைத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள் என்று. அந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை இருக்கிறதாம். உள்ளே இருந்தவருக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். சும்மா திரும்பக் கூச்சப்பட்டு ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் உன் பெண்.

என் வீட்டுக்குள் வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. அத்தை, அப்பாவும் அம்மாவும் முதலில் எங்கே பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வளர்ந்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா? அம்மா, அப்புறம் சொல்கிறேன் அப்புறம் சொல்கிறேன் என்றே இருந்தாளாம். அவள் கண்ணை மூடிய பிறகு உன் வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக்கூடாதாமே. போட்டோவைக்கூட பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாயாமே. ஏன்டா இப்படிச் செய்கிறாய்?

அதனால் நானே சொல்ல ஆரம்பித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் ஆரம்பித்தேன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷருக்குப் பிறந்த பிள்ளை, ஸ்டீயரிங்கைத் தொட்டால் நடுங்குவான் என்று சொன்னதும் அவள் நம்பவே இல்லை. ஆனால் பக்கத்து வாத்தியார் சீட்டுக்குக் கீழே இன்னொரு பிரேக்கும் கிளட்சும் இருக்குமே, அது மட்டும் உனக்கு அத்துப்படி. அவர் மடியில் உட்கார்ந்து பழகியது. அப்புறம் நாம் மூன்று பேரும் அந்தக் காரைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போன கதையைச் சொன்னேன். ஓட்டிய நெட்டைக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும், ஆக்ஸிலேட்டரைத் தவிர வேறெதுவும் மிதிக்க வராது. நான் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளம், சைக்கிள், மாடு என்று கத்த வேண்டியது. வாயைத் திறந்தாலே வகுப்பே சிரிக்கிற என் தகரக் குரல் அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவியது.

நாம் அப்படிக் கிளம்பிப் போன காரணத்தைச் சொன்னபோது உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேனா நண்பராகக் கிடைத்த பெண்ணுக்கு நீ உன்னை டிரைவிங் வாத்தியார் என்று எழுதி வைத்ததும், அப்படியானால் வந்து எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று அவள் பதில் போட்டதும், நீ காய்ச்சல் வந்தவன் மாதிரி எங்களிடம் ஓடிவந்ததும். உன் அப்பா வெளியூர் போன அன்றைக்குக் காரைக் கிளப்பினோம். நெட்டை ஆக்ஸிலேட்டரை மிதிக்க நீ பிரேக்கை அழுத்த, கார் நின்ற இடத்திலேயே உறுமும். தலையில் இருந்த ஸ்கூல் போர்டைப் பார்த்து எல்லா வண்டியும் பயந்து ஒதுங்கியது. ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, இதில் யாருப்பா வாத்தியார் என்று கேட்க, நீ அவனைக் காட்டினாய், அவன் உன்னைக் காட்டினான். அந்த மாதிரி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லையடா.

இரு, என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஆள் வந்துவிட்டார். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கடையில் உள்ள எல்லா ஃப்ரேமையும் போட்டுப் பார்த்துவிட்டு, பழையதே நன்றாக இருக்கிறது என்று போவார்கள்.

போய்விட்டார். எங்கே விட்டேன்? ஒருவழியாக அந்தப் பேனா நண்பரின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம், அவள் அப்பாவின் சைக்கிள் கடை. முழங்கை வரை கிரீஸ், கையில் ஸ்பேனர், அப்படித்தான் அவள் வெளியே வந்தாள். உன் முகத்தைப் பார்க்கவே இல்லை, நேரே போய் பானெட்டைத் திறந்தாள். பார்த்து முடித்துவிட்டு, வாத்தியாரே போகலாமா என்றாள். நீ எங்களைப் பார்த்தாய், நாங்கள் வானத்தைப் பார்த்தோம். அவள் ஸ்டீயரிங் பக்கம் ஏற, வேறு வழியில்லாமல் நீ மறுபக்கம் உட்கார்ந்தாய். காலம் காலமாக உனக்கென்றே இருந்த சீட். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் புறப்பட்டுப் போனது. நெட்டை திறந்த வாயை மூடவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் அந்த ஊர் மைதானத்தைத் தாண்டிப் போனவர்கள் திரும்பிவர வெயிலே இறங்கிவிட்டது. அதற்குள் அவள் அப்பா எங்களைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிப் பஞ்சர் பார்க்கவிட்டுவிட்டார். வந்து இறங்கினபோது இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அப்படி என்னதான் பேசினீர்கள் என்று வழியெல்லாம் உன்னைப் பிடுங்கி எடுத்தோம். நீ வாயைத் திறக்கவில்லை. கல்யாண மேடையில் அவளையும் கேட்டுப் பார்த்தேன். கள்ளி, சிரித்தே மழுப்பிவிட்டாள்.

இன்னொன்றையும் உன் மகளிடம் சொன்னேன். அன்றைக்கு நாம் திரும்பி வந்தபோது உன் அப்பா கேட் அருகே நின்றிருந்தார். கை ஓங்கவில்லை, திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. நீ எங்கள் வீட்டுக் குழாயடியில் வந்து நின்று, அடித்திருந்தால்கூடத் தேவலை, வீட்டில் நான் ஒருத்தன் இருப்பதே தெரியாத மாதிரி நடந்துகொள்கிறாரே என்று தேம்பித் தேம்பி அழுதாய். இன்று காலை உன் மகள் என் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து உன்னைப் பற்றி அதையேதான் சொன்னாள். அதுவும் நேற்றுப் போனைப் பற்றி இல்லை. அம்மா போனதிலிருந்தே அப்பா அப்படித்தான் இருக்கிறார் என்றாள்.

வாயைத் திறந்தால் உடைந்துபோய்விடுவோம் என்று பயப்படுகிறாய். எனக்குத் தெரியும். உடைந்தால் உடையட்டுமே. அவள் உன் பிள்ளைதானே, வேற்று ஆளா? எனக்கே அவள் அம்மாவை நினைத்தால் கடையில் வேலை ஓடுவதில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் எப்படி இருக்கும்? ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். கடைசியில் அவள், அந்தக் காருக்குள் அம்மா என்ன பேசினாள் அத்தை என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? எனக்கும் தெரியாது, நெட்டைக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி போய்விட்டாள். இனி உன்னை விட்டால் அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்ல உலகத்தில் ஆளே கிடையாது.

நெட்டை சரக்கை இறக்கிவிட்டு இங்கேதான் திரும்பி வருகிறான். சட்டையை மாற்றிக்கொண்டு அவனோடு ஏறிவிடு. அப்பா வருவார் என்று உன்னைக் கேட்காமலே நேற்று இரவே அவளிடம் சொல்லிவிட்டேன். நிஜமாகவா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் போய் முகம் கழுவினாள்.

நல்லபடியாக வந்து சேர். குழந்தையிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன்
சுருட்டை