எலுமிச்சைக்கு ஒரு பச்சை விளக்கு

5.3.1989, ஞாயிறு

பிருந்தாவைப் பஸ்ஸில் ஏற்றவே கூடாது என்று மதுரை டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவதற்குப் பதிலாகத் தாய் மகள் வீட்டுக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை கோகிலாம்பாள் கிளம்புகிறாள். திரும்பி வர இரண்டரை மாதம் ஆகுமாம்.

என்னைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் இருக்கிறது. கவலையெல்லாம் செடிகளைப் பற்றித்தான். தொட்டியும் டின்னும் பாத்தியுமாக மொத்தம் இருபத்து மூன்று. "ஒருநா மறந்தாலும் கருகிரும். பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமிய ஊத்தச் சொல்லட்டுமா?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷமாக, எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் நான். நரிக்குடியிலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் கடை தேடி வருகிறார்கள். என் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் விட அடுத்த வீட்டுப் பெண் வர வேண்டுமா? "யாரும் வேண்டாம். அதுவே ஊத்திக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எது ஊற்றிக்கொள்ளும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

8.3.1989

முடிந்தது. எனக்கே பெருமையாக இருப்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன்.

மண்ணுக்குள் இரண்டு சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பிகள். மண் ஈரமாக இருந்தால் அவற்றுக்கு நடுவே துளி கரண்டு ஓடும், பச்சை விளக்கு எரியும். காய்ந்தால் ஓடாது. உடனே சிவப்பு விளக்கு. பழைய ஸ்டெபிலைசரில் கழற்றிய ரிலே சுவிட்ச் டக்கென்று ஒட்டும், ஏர்கூலர் மோட்டார் ஓடிக் கிணற்றடித் தொட்டித் தண்ணீரை இறைக்கும். தெரிந்த கம்பவுண்டர் கொடுத்த குளுக்கோஸ் குழாய்கள் இருபத்து மூன்று இடத்துக்கும் போகின்றன. மோட்டார் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ஓர் எண் ஏறுகிற மீட்டரும் உண்டு. மில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. நான் கடையில் இருந்தாலும் எத்தனை தடவை தண்ணீர் பாய்ந்தது என்று வந்து பார்த்துக்கொள்ளலாம்.

"என்னங்க இது, எல்லாச் செடிக்கும் காய்ச்சல் வந்து படுத்துக்கெடக்குற மாதிரி இருக்கு" என்றாள் கோகிலா.

கம்பி ஒரு ஜோடிதான். எங்கே நடுவது? மேற்குச் சுவரோரம் இருக்கும் மல்லிப் பாத்தியில் நட்டேன். இருப்பதிலேயே தாகம் அதிகம் அதற்குத்தான். அதற்கே ஈரம் போதுமென்றால் மற்ற இருபத்திரண்டுக்கும் போதும். இந்த இடத்தில்தான் மூளை வேலை செய்கிறது.

10.3.1989, வெள்ளி

போய்விட்டாள். காலை எட்டேகால் பஸ்.

கிளம்பும் முன் கிணற்றடிப் பக்கம் என்னைக் கூட்டிப்போனாள். எண்ணெய் டின்னில் அவள் ஆறு வருஷமாக வளர்க்கும் எலுமிச்சை. எங்கள் ஊர் வெயிலில் அதுவும் டின்னில் எலுமிச்சை காய்க்காது என்று சொல்லாத ஆள் இல்லை; நானும் சொல்லியிருக்கிறேன். இந்த மாசிதான் முதன்முதலாகப் பூத்தது. நாலு பிஞ்சு நிற்கிறது, ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. அவற்றைக் கையால் தொடாமல் விரலைப் பக்கத்தில் நீட்டி எண்ணிக் காட்டினாள்.

"இத மட்டும் பாத்துக்கிருங்க. வேற ஒண்ணும் உங்ககிட்டக் கேக்கல."

நான் பச்சை விளக்கைக் காட்டினேன். தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒப்படைத்துப் போகிற முதல் பொருள் இந்த எலுமிச்சைதான். வேறு எதையும் அவள் ஒப்படைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. அதை நினைத்துக்கொண்டே கடைக்குப் போனேன்.

13.3.1989

பச்சை. மீட்டர்: பூஜ்யம்.

17.3.1989

இன்றும் பூஜ்யம். ஏழு நாளாக மோட்டார் ஒரு தடவை கூட ஓடவில்லை. கோளாறோ என்று சந்தேகம். கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு, டக், மோட்டார் ஓடியது. திரும்ப நட்டேன். பச்சை. மோட்டார் நின்றது. சாமானில் ஒரு குறையும் இல்லை. பங்குனி வெயிலில் ஏழு நாள் ஈரம் காயவில்லை என்றால் என்ன அர்த்தம்?

19.3.1989, ஞாயிறு

அர்த்தம் கிடைத்துவிட்டது. செடிகளுக்கு நாம் நினைக்கிற அளவு தண்ணீர் தேவையே இல்லை! கோகிலா தினம் பன்னிரண்டு குடம் ஊற்றுவாள். குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊரில், இத்தனை வருஷமாக வீண். அவளைக் குறை சொல்லவில்லை. அளந்து பார்க்க அவளிடம் கருவி கிடையாது.

இது என் வீட்டோடு போகிற விஷயமில்லை. திருச்சுழி வரைக்கும் காய்ந்து கிடக்கிற பூமிக்கே உபயோகப்படும். விவசாய மாத இதழ் ஒன்றுக்கு ஆறு பக்கம் எழுதி, படமும் வரைந்து, தபாலில் சேர்த்துவிட்டேன். தலைப்பு: வீட்டுத் தோட்டத்தில் தொண்ணூறு சதவீதத் தண்ணீர் சேமிப்பு. நூறு என்று போட்டால் நம்ப மாட்டார்கள்.

24.3.1989

கனகாம்பரம் தலை தொங்கியிருக்கிறது. துளசியிலும் இலை உதிர்வு. மண்ணைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்தாற்போல்தான் இருக்கிறது, ஆனால் மேல்மண் எப்போதும் அப்படித்தான். உள்ளே ஈரம் இருப்பதை விளக்கு சொல்கிறது. கையை நம்புவதா கருவியை நம்புவதா?

மல்லியைப் பார்த்தால் சந்தேகமே வராது. கொத்துக் கொத்தாக மொட்டு. ஒரே தண்ணீர், ஒரே வெயில். மற்றவை ஏன் இப்படி நடிக்கின்றன என்று தெரியவில்லை.

மல்லிப் பாத்தியில் நாலைந்து அரிசி கிடந்தது. காக்கா போட்டிருக்கும்.

28.3.1989

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாப்பிள்ளை ராம்குமார் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் போனுக்குப் பேசினேன். பிருந்தா நன்றாக இருக்கிறாள், கால் மட்டும் வீக்கம். கோகிலா வந்ததும் கேட்டது: "எலுமிச்சை எப்படி இருக்கு?"

"பச்சை விளக்கு எரியுது" என்றேன்.

"நான் வெளக்கக் கேக்கல." அதற்குள் அவள் பக்கம் யாரோ போனைக் கேட்டார்கள் போல, வைத்துவிட்டாள்.

31.3.1989

ஒரு பிஞ்சு உதிர்ந்துவிட்டது. மாமரம் கூடத்தான் உதிர்க்கிறது. நாலில் மூன்று நிற்பது நல்ல கணக்கு.

4.4.1989

இரண்டாவதும் மூன்றாவதும். இலையெல்லாம் சுருட்டிக்கொள்கிறது. சரியில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது.

நரிக்குடியில் விவசாய ஆபீசில் இருக்கும் தங்கசாமி, காயில் கட்டக் கொடுத்த மோட்டாரை எடுக்க வந்தார். வேர்ப்புழுவாக இருக்குமா என்று கேட்டேன்.

"தண்ணி ஊத்துறீகளா?"

"தேவைப்படலேங்க. இருபத்தஞ்சு நாளா மோட்டாரே ஓடல" என்றேன். பெருமை விட்டுப்போகவில்லை என் குரலில். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மோட்டாரைப் பார்த்தார், "இது நல்லா ஓடும்ல?" என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

வேப்பம் புண்ணாக்கு வாங்கி வேரில் போட்டேன். ஈரமில்லாததால் அது கரையக்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகும் நான் விளக்கைப் போய்ப் பார்த்தேன். பச்சை.

8.4.1989, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

லைன் வேலை என்று பகல் முழுக்க கரண்டு இல்லை. கரண்டு இல்லாமல் கடையில் என்ன செய்வது? பத்தரைக்கே வீட்டுக்கு வந்தேன். பின்பக்கக் கதவைத் திறந்தால், மேற்குச் சுவருக்கு மேலே ஒரு அலுமினியச் சட்டி தெரிகிறது. அது அப்படியே சாய்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் மல்லிப் பாத்தியில், என் கம்பி மேலேயே கொட்டுகிறது.

"யாரது?"

சட்டி அந்தப் பக்கம் விழுந்த சத்தம். கொஞ்ச நேரம் கழித்துச் செல்வலட்சுமியின் தலை மெள்ள மேலே வந்தது.

"அய்யய்யோ அண்ணாச்சி, நீங்க கடைக்குப் போகலியா?"

"எத்தன நாளா ஊத்துற?"

"மதினி ஊருக்குப் போன மறுநாள்ல இருந்து. தெனம் நீங்க கெளம்புனப்பெறம், அரிசி கழுவுனதும் ஊத்துவேன். ஞாயித்துக்கெழம நீங்க கறி எடுக்கப் போற நேரம். அவுகதான் சொல்லிட்டுப் போனாக, அண்ணாச்சிக்குத் தெரியாம ஊத்துன்னு. ஏன், ஒத்துக்கலியா செடிக்கு? நல்லாத்தான பூத்துருக்கு!"

நன்றாகத்தான் பூத்திருக்கிறது. அவள் ஊற்றியது ஒரு செடிக்கு. அந்த ஒரு செடியைக் கேட்டுத்தான் நான் மற்ற இருபத்திரண்டையும் பட்டினி போட்டேன். இருபத்தெட்டு நாள்! கருவி ஒரு பொய்யும் சொல்லவில்லை. மல்லிக்கு ஈரம் இருக்கிறது என்றது, இருந்தது.

"அண்ணாச்சி, நான் ஊத்துனது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு மதினிகிட்டச் சொல்லிறாதீக" என்றாள். சரி என்றேன். அவளைப் போட்டுக்கொடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

கோபமெல்லாம் கோகிலா மேல்தான். ஏண்டி, என்னைய நம்பலேன்னா நேராச் சொல்லிருக்கலாம்ல? முதுகுக்குப் பின்னால போயி அடுத்த வீட்டுக்காரிகிட்டச் சொல்லணுமா?

9.4.1989

குடம் குடமாக ஊற்றினேன். எலுமிச்சை டின்னில் தண்ணீர் இறங்கவே இல்லை. மண் இறுகி, ஓரமாக வழிந்து ஓடுகிறது. நாலாவது பிஞ்சு டின்னுக்கு வெளியே கிடந்தது.

12.4.1989

கோகிலாவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம், கடுமையாக. கிழித்துவிட்டேன். மறுபடி எழுதினேன். பிரசவம் பார்க்கப் போன இடத்தில் இதையா படிப்பாள்? அதையும் கிழித்தேன். வரட்டும், நேரிலேயே கேட்கிறேன்.

19.4.1989

பேத்தி! காலை ஒன்பது நாற்பது. மூன்று கிலோ. ராம்குமார் எஸ்.டி.டி. பூத்துக்கே போன் பண்ணி என்னைக் கூப்பிடச் சொன்னார்.

21.4.1989

மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கையில் வாங்கப் பயமாக இருந்தது, கோகிலாதான் என் கையை மடக்கிப் பிள்ளையை வைத்தாள். அப்படியே குனிந்து மெதுவாக, "எலுமிச்சை?" என்றாள்.

"இருக்கு" என்றேன். டின் இருக்கிறது, குச்சி இருக்கிறது.

6.5.1989

இதழில் என் கட்டுரை வந்துவிட்டது. படத்தோடு. அம்புக்குறிகளெல்லாம் சுத்தமாகப் போட்டிருக்கிறார்கள்.

11.5.1989

வீரசோழனிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் அந்த இதழ். தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். தெருத்தெருவாகக் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்த மனுஷனை வாசலோடு எப்படி அனுப்புவது? கூட்டிப்போய்க் காட்டினேன். காய்ந்த தொட்டிகள் வரிசையாக நிற்க, சுவரோரம் மல்லி மட்டும் வெள்ளை வெள்ளையாக.

"இதுக்கு மட்டும்தான் கம்பி வச்சிருக்கீங்களாக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். "வச்சதுக்கும் வைக்காததுக்கும் என்ன வித்தியாசம் பாருங்க!" என்று அசந்து போனார். தனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். முழுவதும் சொன்னேன், சட்டி உட்பட. சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றதும் காப்பி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று.

21.5.1989, ஞாயிறு

வந்துவிட்டாள்.

பையை வைத்தவள் முகம் கழுவாமல் நேராகப் பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து எலுமிச்சைக்குப் பக்கத்தில் நின்றாள். குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை.

நாற்பத்து மூன்று நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை நான் அவிழ்த்துவிட்டேன். செல்வலட்சுமிக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று. கம்பி, மல்லி, சட்டி, பச்சை விளக்கு, எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசியில், "நீ அவகிட்ட ரகசியமாச் சொல்லிட்டுப் போனதுதான் அத்தனையையும் கொன்னுருச்சு. ஒன் புருஷன் மேல ஒனக்கு நம்பிக்கை இல்ல" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா அவள ஊத்த விட்டுருப்பீகளா?" என்றாள்.

விட்டிருக்க மாட்டேன்.

"மல்லிக்கு ஒருநா தண்ணி நின்னாலும் மொட்டு வைக்காது. ஊத்துனவ நாலு பூ பறிச்சு வச்சுக்கிரட்டும்னு அத மட்டும் அவகிட்டச் சொன்னேன். போனாலும் போகுதுன்னு நெனைச்சதத்தான் அவகிட்டச் சொன்னேன்." குச்சியிலிருந்து கையை எடுத்தாள். "எலுமிச்சைய அவகிட்டச் சொல்லலியே. உங்ககிட்டதான சொல்லிட்டுப் போனேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். உள்ளே போய், பேத்தி போட்டோவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள், கண்ணைப் பாருங்க, அப்படியே பிருந்தா கண்ணு என்று. அதன் பிறகு எலுமிச்சைப் பேச்சே எடுக்கவில்லை. சாயங்காலம் அந்த டின்னைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டி, டின்னைக் கழுவிக் காய வைத்தாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது. எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

30.5.1989

குழாய்களைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டேன். ரிலே கடைக்குப் போயிற்று, ஒரு கிரைண்டருக்கு ஆனது.

22.6.1989

இதழிலிருந்து கடிதம். அடுத்த கட்டுரை கேட்கிறார்கள்.

12.8.1989, சனி

பேத்திக்குக் காது குத்து. சொந்தக்காரர்களை அழைக்க ஆள் வேண்டுமென்று கோகிலா ஐந்து நாள் முன்னதாகவே மதுரைக்குப் போய்விட்டாள். நான் புதன்கிழமை போனால் போதும். புதிதாகப் பத்துச் செடி வைத்திருக்கிறாள். நேற்றுச் செல்வலட்சுமியைக் கூப்பிட்டு, என் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாகக் காட்டி, எதற்கு எத்தனை செம்பு என்று சொல்லிக்கொடுத்தாள். சாவியையும் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பஸ்ஸில் ஏறியதும் ஏதாவது சொல்வாள் என்று ஜன்னலோரமே நின்றேன். "வெயில்ல நிக்காதீக, போங்க" என்றாள்.

இன்று மழைக்கோலமாக இருந்ததால் கடைக்குப் போகவில்லை. பதினோரு மணிக்குச் சுவருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. கையில் தம்ளர்.

"அண்ணாச்சி, காப்பி. செடிக்கெல்லாம் ஊத்திட்டு உங்களுக்கும் ஒரு தம்ளர் குடுத்துறச் சொன்னாக மதினி. நீங்களாக் கேக்க மாட்டீகளாம்."

எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.